புகை தெரியாத பழைய லொறியைக் கலிபோர்னியாவுக்குள் கொண்டு போகலாமா?

கேள்வி: 2025 பெப்ரவரி 9

அண்ணை, நான் திருகோணமலையில் மூன்றாம் கட்டைப் பக்கத்து ஆள். இப்போது நெவாடாவில், ரெனோவில் இருக்கிறேன். 2005ஆம் ஆண்டு இன்டர்நஷனல் 4300 பெட்டி லொறி ஒன்று நல்ல விலைக்கு வந்திருக்கிறது. டிடி 466 எஞ்சின், மொத்த எடை 26,000 இறாத்தலுக்குள். வாரம் இரண்டு தரம் சக்ரமென்டோவுக்குச் சாமான் ஏற்றலாம் என்று யோசனை. கலிபோர்னியாவுக்குள் பழைய டீசலை விடமாட்டார்கள் என்று இங்கே பயமுறுத்துகிறார்கள். ஆனால் இந்த வண்டியில் புகை துளியும் இல்லை, நானே பின்னால் நின்று பார்த்தேன். புகையே வராத வண்டியை எதைச் சொல்லி மறிப்பார்கள்? நீங்கள் இருபது வருடமாகப் பழைய கன்டர் லொறி ஓட்டுகிறீர்கள். ஒழுங்காகப் பராமரித்தால் போதும்தானே?

பெப்ரவரி 9, இரவு

போதும்.

என் கன்டர் 1994 மாடல், 4டி33 எஞ்சின். 2005இல் வாங்கினேன். சீனக்குடாவில் மா மூட்டை ஏற்றிக் குருநாகல், கண்டி என்று இறக்குவேன். திரும்பும்போது தம்புள்ளையில் மரக்கறி. இத்தனை வருடத்தில் புகைப் பரிசோதனையில் ஒரே ஒரு தரம்தான் விழுந்திருக்கிறேன். எஞ்சின் பழசானதற்காகப் புகை வந்துவிடாது. எஞ்சினுக்குள் டீசலைத் தெளிக்கும் நொசில் ஒழுகினால் வரும், எயார் பில்டர் அடைத்தால் வரும், டப்பட் இடைவெளி தப்பினால் வரும். கறுப்பாக வந்தால் டீசல் கூட, காற்றுக் குறைவு. நீலமாக வந்தால் ஒயில் எரிகிறது, ரிங்கையும் வால்வ் சீலையும் பார்க்க வேண்டும். விடியக்காலையில் வெள்ளையாக வந்து எஞ்சின் சூடானதும் நின்றுவிட்டால் பயமில்லை. சூடான பிறகும் நிற்காவிட்டால் ஹெட் கேஸ்கட்டில் சந்தேகம் வை.

கிண்ணியாவில் பம்ப் வேலை செய்யும் நானா ஒருவர் இருக்கிறார். நொசிலைக் கழற்றிக் கைப்பம்பில் பூட்டி ஒரு அழுத்து அழுத்துவார். நல்ல நொசில் விர்ரென்று ஒரு சத்தத்தோடு பனிப்புகார் மாதிரி விரிந்து அடிக்கும், கையை எடுத்ததும் சட்டென்று நிற்கும், நுனி காய்ந்திருக்கும். கெட்டது ஒரு பக்கமாகக் கோடு கிழித்த மாதிரிப் பீச்சும். நின்ற பிறகும் நுனியில் ஒரு சொட்டுத் தொங்கும். நானா அந்தச் சொட்டை விரலால் தொட்டுக் காட்டுவார்: "உங்கட கரி இதுதான்." அந்தச் சொட்டை நிறுத்தத் தெரிந்தவனுடைய வண்டியை எந்த ஊரிலும் மறிக்கக் கூடாது என்பது என் கட்சி. வாங்குங்கள் தம்பி.

பெப்ரவரி 10, மத்தியானம்

வாங்க வேண்டாம், பொறுங்கள்.

என் அக்காவின் மகன் கலிபோர்னியாவில் ஸ்டொக்டனில் லொறி ஓட்டுகிறான். நேற்று எழுதியதை வாசித்துவிட்டு அங்கே நடுச்சாமம் என்றும் பாராமல் போன் எடுத்தான். "மாமா, ஒருத்தரை நடுத்தெருவில் விடப் பார்க்கிறீர்கள்" என்றான். அவன் சொன்னதை அப்படியே தருகிறேன்.

அங்கே காற்றுவள வாரியம் என்று மாநிலத்தின் சபை ஒன்று இருக்கிறது. லொறி பஸ்களுக்கான சட்டத்தை 2008இல் கொண்டுவந்து வருடா வருடம் இறுக்கிக்கொண்டு வந்தது. மொத்த எடை 14,000 இறாத்தலைத் தாண்டிய டீசல் வண்டி, அதாவது நம் கணக்கில் சுமார் 6,350 கிலோவைத் தாண்டியது, கலிபோர்னியா வீதியில் ஓட வேண்டுமானால் 2023 ஜனவரி 1 முதல் 2010ஆம் ஆண்டு எஞ்சின் அல்லது அதற்கு நிகரானது இருக்க வேண்டும். நம்பர் தகடு எந்த மாநிலம் என்பது கணக்கில் இல்லை. நெவாடா வண்டி எல்லையைக் கடந்த நிமிடத்திலிருந்து அதற்கும் அதே சட்டம். அந்த மாநிலத்து வண்டியாக இருந்தால் 2020 முதல் பதிவே கிடையாது.

இதற்கு மேல் இன்னொன்று. 2023இல் தொடங்கிய தனிப் பரிசோதனைத் திட்டம். வண்டியை இணையத்தில் பதிய வேண்டும், வருடக் கட்டணம் கட்ட வேண்டும், அது 30 டொலரில் தொடங்கி விலைவாசியோடு ஏறுகிறது. 2025 ஜனவரியிலிருந்து வருடத்துக்கு இரண்டு தரம் பரிசோதனையும் சேர்ந்துவிட்டது. சான்றிதழைப் பார்க்காமல் லோட் கொடுத்தால் கொடுத்தவர்மீதும் குற்றம், ஆகவே தரகரே முதலில் அதைத்தான் கேட்பார்.

தம்பி, உங்கள் வண்டியின் புகையை அங்கே யாரும் குனிந்து பார்க்கப் போவதில்லை. எஞ்சின் ஆண்டைப் பார்த்ததும் கதை முடிந்துவிடும். நேற்று இரவு எழுதியதை அழிக்காமல் விடுகிறேன், யாராவது என்னை மாதிரியே நினைத்துக்கொண்டிருந்தால் வாசிக்கட்டும்.

பெப்ரவரி 10, இரவு

நெவாடாவுக்குள் மட்டும் ஓட்டுவதாக இருந்தால் இந்தச் சட்டம் உங்களைத் தொடாது. கேட்டீர்களே, அதற்குப் பதில்.

பெப்ரவரி 12

"அப்படியானால் 2010 மாடல் லொறி தேடுகிறேன்" என்று தம்பி எழுதியிருக்கிறார். அதிலும் ஒரு பொறி உண்டு. லொறியின் ஆண்டு வேறு, எஞ்சினின் ஆண்டு வேறு. 2010 மாடல் என்று விற்கும் லொறிகளில் முந்தின வருடம் செய்து வைத்த 2009 எஞ்சின் பூட்டியவை நிறைய. பதிவுப் புத்தகத்தை நம்பிக் காசு கட்டியவர்கள் அழுதிருக்கிறார்கள் என்று மருமகன் சொல்கிறான். எஞ்சினிலேயே மாசுக் கட்டுப்பாட்டுத் தகடு ஒன்று ஒட்டியிருக்கும். எஞ்சின் ஆண்டு அதில் இருக்கும். கரி படிந்திருந்தால் துணியில் கொஞ்சம் டீசல் தொட்டுத் துடைத்துவிட்டு வாசியுங்கள். தகடு இல்லாத வண்டியை விலை கேட்கவே வேண்டாம், தகடு இல்லாமல் ஓடுவதே அங்கே தனிக் குற்றம்.

பெப்ரவரி 13

குறைந்த ஓட்டச் சலுகை பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். உண்டு. கலிபோர்னியாவுக்குள் வருடத்துக்கு 1,000 மைலுக்குக் குறைவாக ஓடும் பழைய வண்டிக்கு விலக்குக் கொடுக்கிறார்கள். மைல் மீற்றர் கணக்கைப் பதிந்து காட்ட வேண்டும்.

ஆனால் உங்களுக்கு இது உதவாது. நான் வரைபடத்தை வைத்துக் கணக்குப் பார்த்தேன். ரெனோவிலிருந்து மேற்கே மாநில எல்லை பதினைந்து மைலளவுதான். சக்ரமென்டோ 130 மைலளவு. ஒரு தரம் போய்வந்தால் கலிபோர்னியாவுக்குள் மட்டும் 230 மைல் ஓடிவிடும். நான்கு நடை போனால் 920. ஐந்தாவது நடையில் பாதி வழியில் சலுகை முடிந்துவிடும். வாரம் இரண்டு நடை என்றால் மூன்றாவது வாரத்தோடு அந்த வருடம் சரி.

வருடத்துக்கு ஒரு தரம் மூன்று நாள் அனுமதி ஒன்றும் தருகிறார்கள், ஒரு உரிமையாளருக்கு ஒரு வண்டிக்கு மட்டும். வீடு மாறுகிறவனுக்கு உதவும். தொழில் செய்கிறவனுக்கு ஒன்றுமில்லை.

பெப்ரவரி 16

இந்த ஒரு வாரமாக எனக்குள் ஓடுவதை எழுதத்தான் வேண்டும். கொஞ்சம் நீளும்.

முதல் நாள் எழுதியதில் சட்டம் மட்டுமல்ல பிழை. எண்ணமே பிழை. புகை தெரியாவிட்டால் சுத்தம் என்று இருபது வருடமாக நம்பியிருக்கிறேன்.

இங்கே நடக்கும் பரிசோதனையை எடுங்கள். 2008இல் தொடங்கியது. வருடாந்த வருமான அனுமதிப் பத்திரம் எடுக்க இந்தச் சான்றிதழ் வேண்டும், லொறிக்குப் பிட்னஸ் சான்றிதழும் வேண்டும். எஞ்சினைச் சூடாக்கிக்கொண்டு போய் நிறுத்துவோம். நியூட்ரலில் வைத்து அக்சிலேற்றரை ஒரே மிதியாக அடிவரை மிதிப்பார்கள். கவர்னர் வெட்டும் மட்டும் எஞ்சின் கத்தும், விடுவார்கள். திரும்ப மிதிப்பார்கள். சைலன்சருக்குள் விட்ட குழாய் வழியாகப் புகை கருவிக்குள் போகும். அதற்குள் ஒரு பக்கம் வெளிச்சம், எதிர்ப்பக்கம் அந்த வெளிச்சத்தை அளக்கும் கண். இடையில் போகும் புகை எவ்வளவு வெளிச்சத்தை மறைக்கிறதோ அதுதான் கணக்கு.

இதில் இரண்டு விஷயம் விட்டுப் போகிறது. முதலாவது, வண்டி வெறுமையாக, நின்ற இடத்தில் நிற்கிறது. மா மூட்டை அடுக்கிக்கொண்டு ஏற்றத்தில் இரண்டாம் கியரில் முனகும்போது அது விடும் புகை வேறு. இரண்டாவது, வெளிச்சத்தை மறைக்கிற அளவுக்குத் தடித்த கரியைத்தான் அந்தக் கண் நன்றாகப் பார்க்கும். தலைமயிரின் பருமனில் முப்பதில் ஒரு பங்கு, அதைவிடவும் சிறிய துகள்கள் டீசல் புகையில் இருக்கின்றன. நெஞ்சுக்குள் ஆழமாக இறங்குவது அவைதான்.

2016இல் நடந்ததை எழுதுகிறேன். அந்த வருடம் பரிசோதனையில் விழுந்தேன். நொசில் நான்கையும் மாற்றக் கையில் காசில்லை. தெரிந்த ஒருவர் பம்பில் டீசல் அளவைக் கட்டும் திருகாணியை அரைச் சுற்றுக் குறைத்துவிட்டார். வண்டி இழுவையே இல்லை, ஆனால் சான்றிதழ் கிடைத்தது. வீட்டுக்கு வந்ததும் திருகாணியைப் பழைய இடத்துக்கு ஏற்றினேன். ஏற்றியது கொஞ்சம் கூடிவிட்டது. வண்டி நன்றாக இழுத்ததால் அப்படியே விட்டேன். இதை லொறி வைத்திருப்பவர்கள் பலர் செய்கிறார்கள், நானும் செய்தேன்.

அடுத்த கிழமை கண்டிக்கு லோட். மாத்தளை தாண்டி அக்குறணையில் வாகனம் நெருக்கிக்கொண்டு நின்றது. நகர்ந்து நகர்ந்து நிற்கிறோம். கண்ணாடியில் பார்த்தால் பின்னால் ஒரு ஆட்டோ, அதற்குள் வயதான அம்மா ஒருவர், மடியில் சின்னப் பிள்ளை. நான் ஒவ்வொரு தரம் கிளச்சை விடும்போதும் அவர் முந்தானையால் பிள்ளையின் முகத்தை மூடினார். புகை கலைந்ததும் எடுத்தார். திரும்ப நகர்ந்தேன், திரும்ப மூடினார். அந்த ஊரைக் கடக்க எடுத்த நேரம் முழுவதும் இதுதான் நடந்தது. சான்றிதழ் எனக்கு முன்னால் டேஷ்போர்டில்தான் கிடந்தது.

வந்ததும் கடன்பட்டு நொசில் மாற்றினேன், திருகாணியையும் நானாவிடம் கொடுத்து அளவுக்குக் கொண்டுவந்தேன். அதற்குப் பிறகு புகை கண்ணுக்குத் தெரியவில்லை. அதனால்தான் பெப்ரவரி 9ஆம் தேதி அவ்வளவு அடித்துச் சொன்னேன்.

ஆனால் இன்னொன்றை மறந்துவிட்டேன். நேற்று மனைவிதான் ஞாபகப்படுத்தினார். புகை நின்ற பிறகும், விடியக்காலையில் முற்றத்தில் லொறியைப் பத்து நிமிடம் சூடாக்குவேன். கொடியில் பிள்ளைகளின் பள்ளிக்கூட வெள்ளைச் சட்டை காயும். கிட்டப் போய்ப் பார்த்தால் தோளிலும் கொலரிலும் மிளகுத்தூள் தூவிய மாதிரிக் கரும்புள்ளி. தட்டினால் போகாது, தேய்த்தால் கோடாக இழுபடும். "உங்கட புகையில்லாத லொறி" என்று சட்டையை என் முகத்துக்கு நேரே பிடித்திருக்கிறார். அப்போது கொடியை மாமரத்தடிக்கு மாற்றினோம். லொறியை மாற்ற நான் நினைக்கவில்லை.

பெப்ரவரி 17

நேற்றையதோடு சேர்க்க வேண்டியது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2012 ஜூனில் டீசல் புகையை மனிதருக்குப் புற்றுநோய் தருவது என்று முதலாம் வகுப்பில் சேர்த்தது. கலிபோர்னியா 1998இலேயே டீசல் கரித்துகளை நச்சுப் பொருள் பட்டியலில் போட்டுவிட்டது. வண்டிக்குள் இருக்கிற நாங்களும் கிளீனர் பையன்களும்தான் அதை முதலில் சுவாசிக்கிறவர்கள். சாரதிகள் இதை எங்களுக்கு விரோதமான சட்டம் என்று மட்டும் பார்க்கக் கூடாது.

பெப்ரவரி 18

கந்தளாயிலிருந்து ஒரு அண்ணை கேட்கிறார், கடற்கரையில் புகை விடாத தன் லொறி நுவரெலியாவில் மட்டும் ஏன் கறுப்பாகத் தள்ளுகிறது என்று. காற்று மெலிவு. நுவரெலியா 1,868 மீற்றர் உயரம், அங்கே காற்றழுத்தம் நம் கடற்கரையை விட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. காற்றை அமுக்கித் திணிக்கும் டேர்போ இல்லாத எஞ்சின் இழுக்கும் காற்றும் அதே அளவு குறையும். பம்ப் மட்டும் திருகோணமலையில் ஊற்றிய அளவுக்கே டீசலை ஊற்றிக்கொண்டிருக்கும். அங்கே லீக்ஸ், கரட் ஏற்றிக்கொண்டு வரும்போது கியரைக் குறைத்து, அக்சிலேற்றரைப் பாதிக்கு மேல் மிதிக்காமல் வாருங்கள். நேரம் கொஞ்சம் கூடும், புகை குறையும்.

ரெனோவிலிருந்து சக்ரமென்டோ போகும் பாதையும் டொனர் கணவாய் வழியாக 7,200 அடிக்கு ஏறி இறங்குகிறது. டேர்போ உள்ள எஞ்சின் அதைச் சமாளிக்கும். ரெனோவில் நின்று பார்த்துப் புகை இல்லை என்று முடிவு செய்யாதீர்கள், அதற்காகச் சொன்னேன்.

பெப்ரவரி 22

புகைக்கு நான் சொன்ன காரணங்களில் பெரிய ஒன்றை விட்டுவிட்டேன்: மண்ணெண்ணெய்.

2022 நடுப்பகுதியை இங்கே யாரும் மறந்திருக்க மாட்டார்கள். டீசல் லீற்றர் 460 ரூபாய் வரை போனது. மண்ணெண்ணெய் 87 ரூபாய். இரண்டுக்கும் வரிசை. எரிபொருள் பாஸ் முறை வரும்வரை லொறியை வரிசையில் விட்டுவிட்டு மாறி மாறிக் காவல் படுத்தோம். கிடைத்த டீசலில் மண்ணெண்ணெய் கலந்து ஓட்டியவர்கள் ஏராளம். கலந்தால் புகை குறைகிறதே என்று சந்தோஷப்பட்டவர்களும் உண்டு. ஆனால் பம்பின் உள்ளே டீசலைத் தள்ளும் பிளஞ்சருக்கும் நொசில் ஊசிக்கும் டீசல்தான் ஒயில். மண்ணெண்ணெயில் அந்த வழவழப்பு இல்லை. இரும்பும் இரும்பும் உரசும். அந்த வருட ஓகஸ்டில் மண்ணெண்ணெய் 340 ரூபாய்க்கு ஏறியதும் கலப்பது நின்றது, ஆனால் உரசியது உரசியதுதான். அடுத்த வருடம் முழுவதும் கிண்ணியா நானாவின் மேசையில் தேய்ந்த பிளஞ்சர்கள் வரிசையாகக் கிடந்தன. வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் பளபளப்புக்கு நடுவே நகம் கீறிய மாதிரிக் கோடு தெரியும்.

2022க்குப் பிறகு விலைக்கு வந்த பழைய லொறி எதை வாங்கினாலும், பம்பைக் கழற்றிப் பார்க்கும் செலவையும் விலையில் சேர்த்துப் பேசுங்கள்.

பெப்ரவரி 23

கலிபோர்னியாவில் நிறுத்திய லொறியின் எஞ்சினை ஐந்து நிமிடத்துக்கு மேல் ஓடவிடக் கூடாது. இதைச் சொன்னதும் இங்கே ஒருவர் கோபப்பட்டிருக்கிறார். லோட் ஏற்ற வரிசையில் நிற்கும்போது ஒவ்வொரு தரமும் நிறுத்தி நிறுத்தி எடுக்க முடியுமா என்கிறார்.

உண்மையைச் சொல்வோம். ஏசி இல்லாத கன்டரில் வரிசையில் எஞ்சினை ஓடவிட எந்தத் தேவையும் இல்லை. நிறுத்தினால் திரும்பப் பிடிக்குமோ என்ற பயம்தான் காரணம். பெற்றரி சோர்ந்துவிட்டது, ஸ்டார்ட்டர் கார்பன் தேய்ந்துவிட்டது, நடுவரிசையில் தள்ளிவிட ஆள் பிடிக்க வேண்டும். அந்தப் பயத்தில் மூன்று மணி நேரம் உறுமவிடுகிறோம். நான் சென்ற வருடம் பெற்றரி இரண்டையும் மாற்றிய பிறகு நிறுத்தப் பழகிவிட்டேன். அப்போது முன்னும் பின்னும் நிற்கும் பத்து லொறியின் சத்தமும் மணமும் எவ்வளவு என்று தெரிந்தது.

மார்ச் 1

இந்தியாவில் எப்படி என்று ஒருவர். டெல்லியை மட்டும் சொல்கிறேன். அங்கே பத்து வருடம் தாண்டிய டீசல் வண்டி ஓடக் கூடாது என்று பசுமைத் தீர்ப்பாயம் 2015இல் சொன்னது, 2018இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. ஆக அந்தத் தீர்ப்புகள் வயதைப் பார்த்தன. நாங்கள் புகையைப் பார்க்கிறோம். கலிபோர்னியா எஞ்சின் எந்தத் தரத்துக்குச் செய்யப்பட்டது என்று பார்க்கிறது.

மூன்றையும் யோசித்துப் பார்த்தேன். வயதுக் கணக்கு எனக்குச் சரியாகப் படவில்லை. நன்றாகப் பார்த்த பதினோரு வருட வண்டியும் நாசமாக்கிய பதினோரு வருட வண்டியும் ஒன்றாகிவிடும். நம் புகைக் கணக்கின் ஓட்டையை மேலே எழுதிவிட்டேன். தரத்தைப் பார்ப்பதில்தான் நியாயம் இருக்கிறது. அமெரிக்காவில் 2007 எஞ்சினுக்கு வைத்த கரித்துகள் வரம்பு அதற்கு முந்தியதில் பத்தில் ஒரு பங்கு. அதைத் தொட வேண்டுமானால் புகைக்குழாயில் கரியைப் பிடிக்கும் வடிகட்டி இல்லாமல் முடியாது. 2010 வரம்பு நைதரசன் ஒக்சைட்டையும் பிடித்தது. அதற்காகத்தான் யூரியாக் கரைசல் ஊற்றும் தாங்கி வந்தது. நொசிலை எவ்வளவு திருத்தினாலும் என் 4டி33 அந்த இடத்துக்கு வராது. நன்றாக எரியவிட்டால் கரி குறையும், ஆனால் சூடு கூடி நைதரசன் ஒக்சைட் ஏறும். ஒன்றை அமுக்கினால் மற்றது கிளம்பும்.

எனக்கு மனம் ஆறாத இடம் காசு. ஒரே லொறியை வைத்துச் சோறு தின்கிறவனிடம் "நாளைக்கு மாற்று" என்றால் அவன் எங்கே போவான்? கலிபோர்னியா அதிலும் கொஞ்சம் யோசித்திருக்கிறது. பழைய எஞ்சினை மாற்றுகிறவருக்குப் பணம் கொடுக்கும் கார்ல் மோயர் திட்டம் 1998 முதல் அங்கே இருக்கிறது. சட்டத்தை இறுக்கியதும் 2008இலிருந்து 2023வரை, பதினைந்து வருடம். இங்கே 2020இல் நின்ற வாகன இறக்குமதியைப் பல வருடம் கழித்துத்தான் படிப்படியாகத் திறந்தார்கள். இடையில் புது லொறி குறைந்ததால் என் 1994 கன்டருக்கு நான் வாங்கிய விலையைப் போல் பல மடங்கு கேட்டு ஆட்கள் வந்தார்கள். நாளைக்கே நம் நாட்டிலும் எஞ்சின் தரம் பார்க்கும் சட்டம் வரட்டும், நான் கை தூக்குவேன். ஆனால் கந்தளாய்ப் பாதையில் ஓடும் இந்தப் பழைய லொறிகளின் சொந்தக்காரர்களுக்குக் கடனுக்கும் கால அவகாசத்துக்கும் வழி செய்துவிட்டுத்தான் வர வேண்டும்.

மார்ச் 2

பழைய எஞ்சினுக்கு வடிகட்டி மட்டும் பூட்டினால் என்ன என்று நேற்றையதை வாசித்துவிட்டுக் கேட்டிருக்கிறார்கள். முன்பு கலிபோர்னியாவில் அதை ஏற்றுக்கொண்டு அவகாசம் கொடுத்தார்கள். 2023க்குப் பிறகு வடிகட்டி பூட்டிய பழைய எஞ்சினும் போதாது, 2010 தரம் வேண்டும். இங்கே பூட்டலாமா என்றால், சாதாரண டீசலில் கந்தகம் கூட, வடிகட்டி தாங்காது. சூப்பர் டீசல் ஊற்ற வேண்டும். அதோடு ஊருக்குள் ஐந்து கிலோமீற்றர் ஓடி ஓடி நிறுத்தினால் உள்ளே சேரும் கரி எரியும் அளவுக்குச் சூடு வராது, அடைத்துக்கொள்ளும்.

மார்ச் 8

திருத்தம். பெப்ரவரி 13இல் மூன்று நாள் அனுமதி என்றேன். அதை ஐந்து நாள் என்று ஒருவர் திருத்தியிருந்தார். மருமகனிடம் கேட்டேன், இரண்டும் உண்டு, இரண்டும் வேறு. மூன்று நாள் அனுமதி எஞ்சின் ஆண்டுச் சட்டத்துக்கு. ஐந்து நாள் அனுமதி 2023 பரிசோதனைத் திட்டத்துக்கு, வருடத்தில் ஒரு தரம் ஒரு வண்டிக்கு. பழைய எஞ்சினை வைத்துக்கொண்டு ஐந்து நாள் அனுமதியை மட்டும் எடுத்துப் போனால் முதல் சட்டத்தில் மாட்டுவீர்கள்.

இன்னொன்றையும் அவன் சொன்னான். ஸ்டொக்டன் இருக்கும் பள்ளத்தாக்கின் தெற்குப் பக்கத்தை மூன்று புறமும் மலை சூழ்ந்திருக்கிறது. விட்ட புகை வெளியே போக வழியில்லாமல் நாள் கணக்கில் நிற்கும். எனக்கு அப்போதுதான் உறைத்தது. நமக்குக் கொட்டியாரக் குடாவிலிருந்து பின்னேரமானால் காற்று வருகிறது, விட்டதை எல்லாம் அள்ளிக்கொண்டு போய்விடுகிறது. அது எங்கே போய் இறங்குகிறது என்று நான் ஒரு நாளும் கேட்டதில்லை.

மார்ச் 23

ரெனோத் தம்பி அந்த 2005 லொறியை விட்டுவிட்டார். நெவாடாவுக்குள் மட்டும் ஓட்டுகிற ஒருவர் வாங்கிக்கொண்டாராம். இவர் இப்போது 2013 மாடல் ஒன்றைப் பார்த்திருக்கிறார், விலை ஏறக்குறைய இரட்டிப்பு. மனைவியின் நகையை நினைத்துத் தயங்குகிறார். தயக்கம் சரிதான். வடிகட்டியைக் கழற்றி எறிந்துவிட்டு வெறும் குழாய் பூட்டிய வண்டிகளும் விலைக்கு வரும், அதையும் பாருங்கள். சைலன்சர் முனைக்குள் விரல் விட்டுத் துடையுங்கள் தம்பி. வடிகட்டி சரியாக வேலை செய்தால் விரல் கிட்டத்தட்டச் சுத்தமாக வரும். கறுத்து வந்தால் திரும்பி நடந்துவிடுங்கள்.

மார்ச் 30

என் அனுமதிப் பத்திரம் அடுத்த மாதம் முடிகிறது. நேற்று நானாவிடம் போனேன். நான்கு நொசிலில் மூன்று காய்ந்த நுனி, மூன்றாம் சிலிண்டருடையதில் மட்டும் சொட்டு. அதை மாற்றியாகிவிட்டது. திருகாணிக்குக் கம்பி போட்டு ஈயத்தால் முத்திரை வைக்கச் சொன்னேன். "ஏன், நம்பிக்கையில்லையா?" என்று கேட்டார். 2016ஐச் சொன்னேன். அவர் ஒன்றும் சொல்லாமல் கம்பியை முறுக்கி நசுக்கினார்.

விடியற்காலையில் சூடாக்குவதை முற்றத்தில் இப்போது செய்வதில்லை. ஸ்டார்ட் ஆனதும் ஒழுங்கையைத் தாண்டி மெதுவாக ஓட்டியே சூடாக்கிக்கொள்கிறேன், எஞ்சினுக்கும் அதுதான் நல்லது என்று நானாவும் சொல்கிறார்.

தம்பி, 2013 வண்டியின் எஞ்சின் தகட்டைப் படம் எடுத்து அனுப்புகிறேன் என்றீர்கள், இன்னும் வரவில்லை. காசு கட்டுவதற்கு முன் அனுப்புங்கள். மருமகன் பார்த்துச் சொல்கிறேன் என்றிருக்கிறான்.